பல்கலைக்கழகப் பெயரை விடுங்க, சீட்டு எந்த வகை என்று பாருங்க

வெள்ளகோவில் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டும் ஒரு அப்பா கேட்ட கேள்வி இது. மகள் ஆறாவது முதல் அரசுப் பள்ளியிலேயே படித்து, கணக்கு அறிவியல் குரூப்பில் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். வீட்டில் இதுவரை யாரும் டிகிரி படித்ததில்லை. தனியார் கல்லூரி ஆட்கள் வீட்டுக்கே வந்து, "பத்தாயிரம் கட்டி இப்பவே சீட்டைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் கேட்பது: "நம்ம ஸ்டேட்டுக்குள்ளேயே, நமக்குக் கட்டுப்படியாகிற மாதிரி, நல்ல கவர்மென்ட் யுனிவர்சிட்டி எதுங்க? பாரதியாரா, பெரியாரா, அண்ணாவா?"

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தாயிரத்தை இப்போது கட்டாதீங்க. பாரதியாரா பெரியாரா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். கலை அறிவியலுக்கு ஒரு விண்ணப்பம், பொறியியலுக்கு ஒரு விண்ணப்பம், இரண்டையும் போடுங்க. குரூப் பொருந்தினால் வேளாண்மைக்கும் ஒன்று. பிறகு கிடைக்கும் சீட்டு அரசு சீட்டா, எய்டடா (அரசு உதவி பெறுவது), செல்ஃப் ஃபைனான்ஸா (சுயநிதி) என்று மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்க. செலவை முடிவு செய்வது இந்த மூன்றில் எது என்பதுதான், வாசல் வளைவில் எழுதியிருக்கும் பெயர் அல்ல. நான் அரசுக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் சேர்க்கை வேலை பார்த்தவன். வரிசையில் நின்ற பெற்றோரில் பாதிப்பேருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பல்கலைக்கழகம் என்று நாம் சொல்வது நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களில் உள்ள கலை அறிவியல் கல்லூரிகள் 1982-ல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி 1997-ல் வந்த பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ். கரூர் மட்டும் திருச்சி பாரதிதாசன் பக்கம். ஆக நீங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. கல்லூரி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதை வைத்துப் பல்கலைக்கழகம் தானாக வந்துவிடுகிறது. மருதமலை அடிவாரத்தில் இருக்கும் பாரதியார் வளாகத்துக்குள் நடப்பது பெரும்பாலும் எம்.எஸ்சி., எம்.ஏ., பிஎச்.டி. போன்ற மேற்படிப்புகள்தான். பிளஸ் டூ முடித்த பிள்ளையை நேராக அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

இன்னொன்றும் இதிலேயே அடங்கியிருக்கிறது. உங்கள் தாலுகாவில் இருக்கும் அரசுக் கல்லூரியில் படித்தாலும், ஆண்டுக்கு எழுபதாயிரம் வாங்கும் தனியார் இணைப்புக் கல்லூரியில் படித்தாலும், பட்டச் சான்றிதழ் தருவது அதே பாரதியார் பல்கலைக்கழகம்தான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் அவர்களே நடத்துவார்கள், ஆனால் பட்டம் பல்கலைக்கழகத்துடையதுதான். டி.என்.பி.எஸ்.சி.யோ, வங்கித் தேர்வோ, பி.எட். சேர்க்கையோ, எங்கேயும் "எவ்வளவு ஃபீஸ் கட்டிப் படித்தாய்" என்று கேட்பதில்லை.

பாரதியாரில் துணைவேந்தர் நாற்காலி 2022 அக்டோபருக்குப் பிறகு நெடுநாள் காலியாகக் கிடந்தது, அதனால் சேர்க்கலாமா வேண்டாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறி அது. பல்கலைக்கழகத்துக்கு அது நல்லதில்லைதான். ஆனால் உங்கள் பிள்ளை உட்காரப்போகும் வகுப்பறையில் யார் பாடம் எடுக்கிறார் என்பதை அது தீர்மானிக்காது.

இப்போது சீட்டு விஷயத்துக்கு வருவோம். அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். இரண்டாவது வகை அரசு உதவி பெறும் கல்லூரி, நாம் எய்டடு என்று சொல்வது. பொள்ளாச்சி என்.ஜி.எம்., உடுமலை ஜி.வி.ஜி. விசாலாட்சி, கோபி கலை அறிவியல் கல்லூரி, ஈரோடு வாசவி கல்லூரி, கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. இங்கேதான் ஏமாறுகிறார்கள். கல்லூரி எய்டடு என்றால் எல்லாப் படிப்பும் எய்டடு என்று அர்த்தமில்லை. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் பழைய படிப்புகளுக்கு மட்டும் கட்டணம் குறைவு. 1990-களுக்குப் பிறகு வந்த கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., பி.காம். சி.ஏ. போன்றவை பெரும்பாலும் செல்ஃப் ஃபைனான்ஸ்தான். ஒரே கட்டடம், ஒரே மாடி. கெமிஸ்ட்ரி வகுப்பில் இருக்கும் பிள்ளை சில ஆயிரம் கட்டியிருக்கும், பக்கத்து அறையில் பி.சி.ஏ. படிக்கும் பிள்ளை அதைப்போலப் பல மடங்கு கட்டியிருக்கும். பி.காம். மாதிரி சில படிப்புகள் ஒரே கல்லூரியில் இரண்டு வகையிலும் நடக்கும். காலையில் எய்டடு, மதியத்துக்கு மேல் செல்ஃப் ஃபைனான்ஸ். சேர்க்கைக் கடிதத்தில் "எஸ்.எஃப்." என்று இரண்டு எழுத்து ஒரு ஓரத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரசீது வந்த பிறகு அலுவலகத்தில் சண்டை போட்டு ஒன்றும் ஆவதில்லை.

ரசீது என்றதும் ஞாபகம் வருகிறது. தனியார் கல்லூரியில் "ஃபீஸ் முப்பத்தைந்தாயிரம்தாங்க" என்று சொன்னால் அத்தோடு எழுந்து வந்துவிடாதீங்க. போன வருடம் அங்கே சேர்ந்த பிள்ளையின் ரசீதை வாங்கிப் பாருங்க. டியூஷன் ஃபீஸ் முப்பத்தைந்து இருக்கும். கீழே மேம்பாட்டு நிதி, பிளேஸ்மென்ட் டிரெய்னிங், சீருடை, புத்தகம், அசோசியேஷன், பஸ் என்று ஒவ்வொன்றாக இறங்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் இருந்து கோவைக்குக் கல்லூரி பஸ்ஸில் போகிற பிள்ளைக்குப் பஸ் கட்டணமே டியூஷன் ஃபீஸுக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. மூன்று வருடத்துக்கும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்க.

உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் காங்கேயம், பல்லடத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. திருப்பூரில் சிக்கண்ணா அரசுக் கலைக் கல்லூரி, பெண்களுக்கென்று எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி. ஈரோட்டில் பழைய சிக்கய்ய நாயக்கர் கல்லூரி எய்டடாக இருந்து இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்டது. கிழக்கே போனால் கரூர் தாந்தோணிமலையில் அரசுக் கலைக் கல்லூரி, வெள்ளகோவிலில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் பக்கம் ஆகும். கோவை அரசுக் கலைக் கல்லூரி 1852-லிருந்து நடந்துவருவது, கொங்கு நாட்டில் இதைவிடப் பழைய பெயர் கிடையாது. அங்கே இடம் கிடைத்தால் பெருமைதான். போட்டியும் அதற்குத் தகுந்தாற்போல இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம் போதும், அதிலேயே பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற வேலை. தரவரிசை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடத்துக்கு 400-க்குக் கணக்கெடுப்பார்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸும் பி.காமும் முதல் நாளே நிறைந்துவிடும். கணக்கு, இயற்பியல், வேதியியல் கடைசி வரை இருக்கும். கணக்கில் பிடிப்புள்ள பிள்ளை என்றால், தள்ளுமுள்ளு நடக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு நல்ல துறையுள்ள கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு எடுப்பது கெட்டிக்காரத்தனம். பின்னால் எம்.சி.ஏ. போகலாம், பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு எழுதலாம்.

உங்கள் அம்மிணி, அதாவது மகள், பொறியியல் படிக்க விரும்பினால் கணக்கே மாறிப்போகிறது. இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்க.

ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் வரை விரிந்தது. இடம் கிடைப்பதோடு முடியவில்லை. இந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் தனித் தரவரிசை என்பதால், பொதுப் பட்டியலில் எட்டாத கல்லூரிகூட இதில் எட்டும். ஆக, "கட்டுப்படியாகிற கல்லூரி எது" என்று நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை. கிடைக்கிறதிலேயே தரமானது எது என்று மட்டும் கேளுங்க. இதைத் தெரியாமல் மே மாதமே ஒரு நிர்வாக ஒதுக்கீட்டு (மேனேஜ்மென்ட்) சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டால், இலவசமாகக் கிடைக்க வேண்டியதைக் கடன் வாங்கிப் படித்ததாக ஆகிவிடும். கலந்தாய்வு வழியாக வராத சீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தரம் என்றால் நம் பக்கம் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரிகளை வரிசையாகச் சொல்கிறேன். கோவை தடாகம் சாலையில் ஜி.சி.டி. என்கிற அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி, 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கியது. சேலம் கருப்பூரில் 1966-லிருந்து அரசுப் பொறியியல் கல்லூரி. ஈரோடு சித்தோட்டில் ஐ.ஆர்.டி.டி. என்று நமக்குப் பழக்கமான கல்லூரி, போக்குவரத்துக் கழக ஊழியர்களின் காசில் வளர்ந்தது, இப்போது அரசுப் பொறியியல் கல்லூரி. வடக்கே பர்கூரிலும் தருமபுரியிலும் ஒவ்வொன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் கோவை மண்டல வளாகம் மருதமலை சாலையில். அந்தச் சாலையே தனி உலகம். வேளாண் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, பாரதியார், அண்ணா வளாகம் எல்லாம் காந்திபுரத்திலிருந்து மருதமலை போகும் 70-ஆம் நம்பர் பஸ்ஸின் ஜன்னலிலேயே தெரியும்.

எய்டடு வகையில் பி.எஸ்.ஜி. டெக்கும் சி.ஐ.டி.யும் (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) உண்டு. பி.எஸ்.ஜி. டெக் 1951, சி.ஐ.டி. 1956. இங்கேயும் அதே கதைதான். சில பிரிவுகள் எய்டடு, சில பிரிவுகள் சுயநிதி. கலந்தாய்வுப் பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் "எஸ்.எஸ்." என்று இருந்தால் சுயநிதி. 7.5 ஒதுக்கீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, கட்டணம் அரசுடையது. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள், தனியார் பள்ளியில் படித்த பிள்ளையை வைத்திருப்பவர்கள், அந்த இரண்டு எழுத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அவர்களுக்காக ஒரு கணக்கு. 2017-ல் கட்டண நிர்ணயக் குழு விதித்தபடி, தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகப் போனால் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீடு என்றால் 85,000, 87,000. அதே கல்லூரி, அதே பெஞ்ச், நான்கு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அதற்கு மேல் வாங்குவது விதிப்படி இல்லை, வாங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வு சீட்டில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும். இந்தக் கதவுகள் எல்லாம் கலந்தாய்வு என்ற ஒரே வாசலில்தான் திறக்கின்றன.

கலந்தாய்வில் சாய்ஸ் (எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற விருப்பப் பட்டியல்) நிரப்பும்போது பலர் செய்கிற ஒரு வேலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட் ஆஃப் பார்த்து "நமக்கு இதெல்லாம் வராது" என்று தாங்களே நல்ல கல்லூரிகளை வெட்டிவிட்டு, பத்துப் பதினைந்து சாய்ஸ் மட்டும் போடுவார்கள். எத்தனை போட வேண்டும் என்று வரம்பே கிடையாது. கிடைக்குமா கிடைக்காதா என்று பார்க்காமல், பிள்ளைக்கு எது வேண்டுமோ அந்த வரிசையில் மேலிருந்து கீழே போடுங்க. மேலே ஆசைப்பட்டதைப் போட்டதால் கீழே இருப்பது கைநழுவாது. ஒதுக்கீடு வந்த பிறகும் "இதை ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்" என்று சொல்ல வழி இருக்கிறது. இன்னொன்று: ஒரே அறக்கட்டளையின் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும், ஒன்று பழையது, மற்றது புறவழிச்சாலையில் நேற்று முளைத்தது. பெயரை நம்பாமல் நான்கு இலக்கக் கல்லூரிக் குறியீட்டைப் பார்த்துப் போடுங்க. ஜி.சி.டி. 2005, பி.எஸ்.ஜி. டெக் 2006, சி.ஐ.டி. 2007. பிரவுசிங் சென்டர் பையனிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீங்க. அம்மிணியைப் பக்கத்தில் உட்கார வைத்து அவள் கையாலேயே போடச் சொல்லுங்க.

வேளாண்மை பற்றிச் சுருக்கமாக. கோவை வேளாண் பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரி வேறு, அதோடு இணைந்த தனியார் கல்லூரி வேறு. கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது, வனவியலும் பட்டுவளர்ப்பும் அங்கே. கால்நடை மருத்துவம் விரும்பினால் நாமக்கல், உடுமலை, தலைவாசல். அதற்கு விண்ணப்பம் தனி. சட்டத்துக்குக் கோவையிலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசுச் சட்டக் கல்லூரிகள் உள்ளன. ஐந்து வருடப் படிப்பை மிகக் குறைந்த செலவில் முடிக்கலாம், ஆனால் முடித்த பிறகு சீனியரிடம் சில வருடம் சும்மா நிற்கிற வசதி வீட்டில் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு போங்க.

இனி, அரசுக் கல்லூரியில் குறையே இல்லையா? இருக்கிறது, ஒளிக்க மாட்டேன். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் நிறையக் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள்தான் பாதி வகுப்பைத் தாங்குகிறார்கள், மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பளத்தில். அவர்களில் பலர் நன்றாகவே எடுப்பார்கள், ஆனால் வேறு வேலை கிடைத்தால் பாதியில் போய்விடுவார்கள். புதிதாகத் தொடங்கிய கல்லூரிகளில் ஆய்வகம் ஒழுங்காக அமையச் சில வருடம் ஆகிறது. கழிப்பறை விஷயம் பெண் பிள்ளைக்கு முக்கியம், அதைச் சேர்க்கும் முன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? கல்லூரி திறந்திருக்கும் ஒரு வேலை நாளில் அம்மிணியையும் கூட்டிக்கொண்டு போங்க. முதல்வர் அறைக்குப் போகாதீங்க, துறைக்குப் போங்க. துறை வாசலில் ஆசிரியர் பெயர்ப் பலகை இருக்கும், அதில் எத்தனை பேர் நிரந்தரம் என்று அட்டெண்டரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். வேதியியல் ஆய்வகத்துக்குள் எட்டிப் பாருங்க. பியூரெட் ஸ்டாண்டுகள் ஈரமாக இருக்கிறதா, தூசி படிந்திருக்கிறதா? மேசையில் அமிலக் கறை புதிதாக இருந்தால் அங்கே பிராக்டிகல் நடக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் லேப் என்றால் எத்தனை கணினி என்று எண்ணாதீங்க, எத்தனை எரிகிறது என்று பாருங்க. கேன்டீன் பக்கம் நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் போய், "போன செமஸ்டரில் எந்தப் பேப்பருக்கு ஆளே வரலை?" என்று கேளுங்க. மறைக்காமல் சொல்வார்கள்.

திருப்பூர் மாதிரி ஊர்களில் அரசுக் கல்லூரி ஷிஃப்ட் முறையில் நடப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. காலையில் வகுப்பு முடிந்து மதியம் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கோ கணக்கெழுதவோ போகும் பிள்ளைகள் ஏராளம். படிப்பு கெடுகிறது என்று ஆசிரியர்கள் புலம்புவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பி.காம். படித்துக்கொண்டே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, மூன்றாம் வருடம் முடியும்போது வேலை தேட வேண்டிய அவசியம் இருப்பதில்லை. கொங்குப் பக்கம் மட்டும்தான் இது இவ்வளவு எளிதாக நடக்கும்.

வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரத்தையும் ரூபாயாக மாற்றிப் பாருங்க. கோவையில் பெண்கள் தனியார் விடுதி சாப்பாட்டோடு மாதம் ஆறாயிரம், ஏழாயிரத்துக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். பத்து மாதத்துக்கு எழுபதாயிரம். கோவை அரசுக் கல்லூரியில் ஃபீஸ் குறைவு என்று சேர்த்துவிட்டு இப்படி விடுதிக்குக் கொட்டினால், காங்கேயத்திலேயே தனியார் கல்லூரியில் சேர்த்த செலவு ஆகிவிடும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பஸ் பாஸ் உண்டு, பெண்களுக்கு டவுன் பஸ் எப்படியும் இலவசம். தூரத்தில்தான் படிக்க வேண்டும் என்றால் தனியார் விடுதிக்கு முன்னால் அரசு நல விடுதியைக் கேளுங்க. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம், வருமான வரம்பு மட்டும் உண்டு. பையன்களுக்கு வீடு எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு அது இல்லை. சில விடுதிகள் நன்றாக இருக்கும், சிலது சகிக்காது, நேரில் பார்க்காமல் சேர்க்காதீங்க.

பணம் வரவும் ஒரு வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் கோவை அரசுக் கலைக் கல்லூரியில்தான் தொடங்கிவைத்தார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி, நோட்டுப் புத்தகம் வாங்கி, மீதியும் நிற்கும்.

பெங்களூருக்கோ, பாலக்காட்டுப் பக்கமோ, பல்கலைக்கழகம் என்று பெரிதாக எழுதி வைத்திருக்கும் நிகர்நிலைக்கோ (டீம்டு யுனிவர்சிட்டி) போகலாமா என்று உறவுக்காரர்கள் கிளப்புவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே போடுவதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கவலை நம் பக்கம் கொஞ்சம் அதிகம். நிகர்நிலை என்றால் அது அரசுடையது என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு, பெரும்பாலானவை தனியாருடையவை. 7.5 ஒதுக்கீடும் முதல் பட்டதாரிச் சலுகையும் அங்கே பொருந்தாது. விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம்: திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் நிகர்நிலைதான், ஆனால் மத்திய அரசின் பணத்தில் நடப்பது, கட்டணம் குறைவு. அதற்கும் திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் கியூட் (CUET) என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். இந்த வருடம் எழுதாவிட்டால் எம்.எஸ்சி.க்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

சான்றிதழ் வேலையை இந்த வாரமே தொடங்கிவிடுங்க. சாதிச் சான்று ஏற்கெனவே இருக்கும். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்க. முதல் பட்டதாரிக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்துத் தாசில்தார் வரை போக வேண்டும், ஜூன் மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு போனஃபைடு சான்று வாங்குங்க. நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியிலும் வாங்க வேண்டும், அங்கேதான் நாள் இழுக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் சான்றில் முன்னால் என்று இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்க. அம்மிணி பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும், உங்கள் கணக்கு உதவாது.

இப்போது உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வரிசை. கலை அறிவியல் சேர்க்கை முதலில் முடியும், பொறியியல் கலந்தாய்வு அதற்குப் பிறகுதான் வரும். அதனால் முதலில் காங்கேயத்திலோ எல்.ஆர்.ஜி.யிலோ கரூரிலோ, துறையைப் பார்த்துப் பிடித்த இடத்தில் ஒரு சீட்டைச் சேர்த்துவிடுங்க. சில ஆயிரம்தான் போகும். பொறியியலில் 7.5-ல் ஜி.சி.டி.யோ, பி.எஸ்.ஜி.யோ, சி.ஐ.டி.யோ, சித்தோடோ, சேலமோ கிடைத்தால் டி.சி. வாங்கிக்கொண்டு அங்கே போய்விடலாம். அவற்றில் எதுவும் வராமல், பெயர் தெரியாத கல்லூரியில் ஆள் சேராத ஒரு பிரிவு மட்டும் வந்தால், இலவசம் என்பதற்காக நான்கு வருடத்தை அங்கே கொடுக்காதீங்க. அரசுக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. தொடரட்டும். வீட்டுக்கு வந்த தனியார் கல்லூரி ஆட்கள் மறுபடியும் வந்தால், ஆகஸ்ட் மாதம் வாங்க என்று சொல்லி அனுப்புங்க. அசல் சான்றிதழை மட்டும் எக்காரணம் கொண்டும் யாரிடமும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீங்க. அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. விதியே இருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், நகல்தான் அவர்களுக்கு.